கையொப்பமிட்ட வெற்று அட்டைகள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரித்த பிறகே விஷயத்துக்கு வருவது என் வழக்கம். இன்று அந்த வரிசையை மாற்றிக்கொள்கிறேன். விஷயத்தைப் படித்த பின்னும் நீங்கள் நலமாக இருந்தால் அதுவே எனக்குப் பெரிய வருத்தமாகும்.

நேற்று முற்பகல் நில அளவையாளர் அம்மையார் ஒருவர் என் பணிமனைக்கு ஒரு கணினியைத் தூக்கி வந்தார். உங்கள் கடையில் வாங்கியது. பணிமாற்றலாகி இந்த ஊருக்கு வந்திருக்கிறார். கணினி தானாக அணைந்து தானாக எழுந்துகொள்கிறது என்பது அவருடைய புகார். பக்கத் தகட்டைக் கழற்றினேன். தூசி வாடை வரும் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு காத்திருந்த எனக்குப் புதினா வாடை வந்தது.

பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலரைத் தூக்கிப் பார்த்தேன். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் பசை இருக்க வேண்டிய இடத்தில் பல் துலக்கும் பேஸ்ட் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, ஓரங்களில் மஞ்சள் பூத்துக் கிடந்தது. முன்பின் அறியாத ஒருவருடைய வாய்க்குள் விரலை விட்டது போலிருந்தது எனக்கு. மின்விசிறியின் ஒயர் ஒன்றைத் தலைமுடி கட்டும் ரப்பரால் இழுத்துக் கட்டியிருந்தீர்கள். அந்த ரப்பரில் இரண்டு முடியும் இருந்தது. கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இதுவும் பெரிதில்லை, அண்ணா. தகட்டின் உட்புறத்தில் என் அட்டை ஒட்டியிருந்தது.

நாம் ஒரே கடையில் இருந்த காலத்தில் நான் தொடங்கிய வழக்கம் அது. ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குக் கீழே எந்த மதர்போர்டு, எந்த பிராசஸர், அந்த பிராசஸர் அந்த மதர்போர்டில் பொருந்தும் என்று தயாரித்த நிறுவனமே தன் பட்டியலில் சொல்லியிருக்கிறதா, எவ்வளவு வேகம் வரை போகலாம் என்ற நான்கு விவரங்கள். அவற்றுக்கும் கீழே என் கையொப்பமும் முகவரியும். "கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தீர்கள். நினைவிருக்கும்.

இந்த அட்டையின் எண் 214. கையொப்பம் என்னுடையது. அதற்கு மேலே இருக்கும் எழுத்து உங்களுடையது. "வேகம் 4.5, தயாரிப்பாளர் பரிந்துரைப்படி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த பிராசஸரின் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். மீதியை நீங்கள் ஓவர்கிளாக் செய்து, வோல்டேஜைக் கூட்டி, முறுக்கி ஏற்றியிருக்கிறீர்கள். அந்த மதர்போர்டின் பட்டியலில் இருப்பதெல்லாம் அறுபத்தைந்து வாட் வரைக்குமான பிராசஸர்கள். நீங்கள் பொருத்தியதோ தொண்ணூற்றைந்து வாட். ஏற்றிய பிறகு அது எத்தனை வாட் குடித்ததோ, அந்த மதர்போர்டுப் பலகைக்கே வெளிச்சம். பலகையில் மின்சாரத்தைச் சீர்ப்படுத்தித் தரும் பகுதி, அடி பிடித்த பாத்திரம் போலக் கறுத்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் கடையை அந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு புறப்பட்டபோது, விவரம் நிரப்பாத அட்டைகள் அறுபதில் என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனீர்கள். எண்கள் 201 முதல் 260 வரை. அவற்றில் எத்தனை ஒட்டப்பட்டன, யார் யார் கணினியில், எஞ்சியவை எங்கே? எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம், எடுக்க மாட்டேன். பேச்சில் நீங்கள் என்னை எப்போதும் கவிழ்த்துவிடுவீர்கள்.

விடையை எதிர்நோக்கும்,
தங்கை

*

மார்ச் 11

அன்புள்ள கையேட்டம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. கோர்ட் சம்மனோன்னு உன் அண்ணி பயந்துட்டா. அம்மையார், எதிர்நோக்கும்... இதையெல்லாம் எங்கேருந்துதான் பிடிக்கிறியோ. ஏழு தடவை ஃபோன் பண்ணேன். எடுக்கலை. சரி, உன் வழிக்கே வரேன். நான் பேனா பிடிச்சு வருஷக்கணக்காச்சு, எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

அந்தப் பேஸ்ட் விஷயம் நிஜம்தான். அன்னிக்கு ஸ்டாக் தீர்ந்துபோச்சு, அந்தம்மா வாசல்லயே நிக்கிறாங்க, நான் என்ன பண்ண? அவசரத்துக்குப் பாவமில்லை. அப்புறம் மாத்திக்கலாம்னு நினைச்சேன், மறந்துட்டேன். முடி யாருதுன்னு எனக்குத் தெரியாது, அதுக்கு விசாரணைக் கமிஷன் வைக்காதே.

ஓவர்கிளாக் பண்றது என்னவோ கொலைக்குத்தம் மாதிரி எழுதியிருக்கே. உலகமே பண்ணுது. கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி. நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா தப்பிக்கணும்னு எல்லாத்தையும் குறைச்சுத்தான் எழுதுவான். அவன் அறுபத்தஞ்சுன்னா தொண்ணூறு தாங்கும். பிராசஸர் சாக்கெட்ல உக்காந்துச்சா, ஆன் ஆச்சா, படம் வந்துச்சா, அவ்வளவுதான் பொருத்தம். பட்டியலைப் பார்த்துப் பார்த்து மாட்டுறதுக்கு இது என்ன ஜாதகமா? அந்தப் பட்டியலைப் படிச்ச ஒரே ஜீவன் நீதான். அதை டைப் அடிச்சவன்கூடப் படிச்சிருக்க மாட்டான்.

இன்னொண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. எந்தக் காலேஜ்ல படிச்சுட்டு எனக்குப் பாடம் எடுக்கறே? என் கடையில ஃபோன் எடுக்க வந்தவதானே நீ.

கார்டு ஒண்ணோ ரெண்டோதான் அப்படிப் போயிருக்கும். மீதியெல்லாம் சுத்தம். அந்த மெஷினை நீயே சரி பண்ணிக் குடுத்துடு, விஷயம் முடிஞ்சுது. கோபம் தணிஞ்சதும் ஃபோனை எடு.

உன் அண்ணன்

*

மார்ச் 19

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

நான் எந்தக் கல்லூரியில் படித்தேன் என்று கேட்டிருந்தீர்கள். மதர்போர்டு வரும் பெட்டிக்குள் மடித்து வைத்து, வாங்கியவர்கள் பிரித்தும் பாராமல் எறிந்த காகிதங்களில் படித்தேன். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து உத்தரவாத விதிகளின் கடைசி வரி வரை, புரியாத சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுப் படித்தேன். தொலைபேசி மணி அடித்தபோதெல்லாம் எழுந்துபோய் எடுத்தேன், திரும்பி வந்து விட்ட வரியிலிருந்து தொடர்ந்தேன். அந்தக் கல்லூரியில் என்னோடு படித்தவர் எவருமில்லை. அதனால் முதல் மாணவியும் நானே, கடைசி மாணவியும் நானே.

தயாரிப்பாளரின் பரிந்துரையைக் கோழைத்தனம் என்கிறீர்கள். ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். ஓவர்கிளாக் செய்பவர்கள் மேல் எனக்குப் பகை கிடையாது. தன் பணத்தில், தன் கணினியில், தாங்கும் பலகையாகத் தேர்ந்தெடுத்து, பெரிய கூலர் வைத்து, இரண்டு நாள் சோதித்து, எரிந்தால் எரியட்டும் என்று துணிகிறவர்கள் என் பணிமனைக்கும் வருகிறார்கள். அவர்களுக்கு நானே ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். அட்டையில் "உரிமையாளர் விருப்பப்படி ஏற்றப்பட்டது, நிறுவனத்தின் உத்தரவாதம் இனி இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். அது தெரிந்து ஏறும் மரம். நீங்கள் செய்தது, உறங்குகிறவரைத் தூக்கிக் கொண்டுபோய்க் கிளையில் உட்கார்த்திவைத்தது.

சாக்கெட்டில் உட்கார்ந்தால் பொருத்தம் என்கிறீர்கள். செருப்பு காலில் நுழைந்துவிட்டதாலேயே அது நம் செருப்பாகிவிடுமா? நடந்தால் அல்லவா தெரியும்.

அந்த அம்மையாரின் கணினி எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். ஒரே நிலத்தின் அளவுகளைக் கொடுத்துப் பரப்பைக் கணக்கிடச் சொன்னால், காலையில் ஒரு விடை, மாலையில் வேறொரு விடை. எப்போதாவது ஒரு முறைதான். ஆனால் அந்த ஒரு முறை எதுவென்று யாருக்கும் தெரியாது. நான் சோதித்துப் பார்த்தேன். ஒரே கணக்கை நூறு முறை செய்யச் சொன்னேன். தொண்ணூற்று மூன்று முறை ஒரே விடை. ஏழு முறை வாய்க்கு வந்தது. அணைந்துபோகும் கணினியை மன்னித்துவிடலாம், முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. அணையாமல், சூடேறிய தலையோடு, முகத்தில் சலனமில்லாமல் பொய் சொல்லும் கணினியை என்ன செய்வது? அப்படி ஒரு தவறான பரப்பை நம்பி, பக்கத்து வீட்டார் இருவர் இடுப்பளவு சுவரை எழுப்பி, பிறகு இடித்து, இப்போது ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லையாம். வேகத்தை 3.6க்கு இறக்கி, கறுத்த பலகையை மாற்றி, தகுந்த பலகையில் பொருத்தினேன். நூற்றுக்கு நூறு ஒரே விடை.

ஒன்றோ இரண்டோ என்றீர்கள். திங்களன்று பார்சலில் இன்னொன்று வந்தது. எண் 231. உங்கள் ஊர்ப் பள்ளி அலுவலகத்தின் கணினி. அட்டையில் இருந்த முகவரியைப் பார்த்து எனக்கே அனுப்பிவிட்டார்கள். திறந்தேன். அதே புதினா. உள்ளே கரப்பான் பூச்சி வேறு முட்டையிட்டிருந்தது. பற்பசையைத் தின்று வளர்ந்த பரம்பரை போலும். வியாழனன்று மூன்றாவதைப் பற்றி ஒரு பல் மருத்துவமனை வரவேற்பாளர் கடிதம் எழுதியிருக்கிறார். எண் 207. இந்த மூன்றும் தாமாகத் தேடி வந்தவை. வராதவை எத்தனை?

என் பங்கையும் மறைக்கவில்லை. விவரம் நிரப்பாத அட்டையில் கையொப்பமிட்டவள் நான். "உன் கார்டு இல்லாம ஒரு மெஷின்கூட நகராது, தங்கச்சி" என்று நீங்கள் சொன்ன அந்தப் பிற்பகலில், அறுபது முறை என் பெயரை எழுதினேன். கை வலித்தது, மனம் குளிர்ந்திருந்தது. பெட்டிக்குள் வந்த காகிதங்களை எல்லாம் வரி விடாமல் படித்தவள், என் சொந்த அட்டையைப் படிக்காமல் கையொப்பமிட்டேன். அதில் படிக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் அங்கே படித்திருக்க வேண்டியது.

இரண்டு பொருள்கள் வேண்டும்: வாங்கியவர்களின் பட்டியல், எஞ்சிய அட்டைகள்.

தங்கை

*

மார்ச் 28

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை மூணு தடவை எழுதிக் கிழிச்சேன். கடைசியில நேராவே சொல்லிடறேன்.

உன் கார்டுதான் என் கடையோட ஓட்டம். வர்றவங்க பிராசஸர் என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடி "உள்ள அந்தம்மா கார்டு இருக்கா?"ன்னு கேக்கறாங்க. நீ பெருமைப்படணும். இந்தத் தெருவுல மட்டும் அஞ்சு கடை. எதிர்க்கடைக்காரன் வேகத்தை எழுதி வாசல்ல போர்டு வைக்கிறான். நான் 3.6ன்னு எழுதினா, வந்தவங்க என் கண்ணெதிர்லயே ரோட்டைத் தாண்டி அங்கே போறாங்க. நீ உன் பணிமனையில தவம் பண்ணலாம். நான் நடுச்சந்தையில இல்ல உக்காந்திருக்கேன்.

லிஸ்ட் தர முடியாது. லிஸ்ட் குடுத்தா நீ ஒவ்வொருத்தருக்கா எழுதுவே. அதுவும் உன் தமிழ்ல எழுதுவே, செத்தவன்கூட எழுந்து என் கடைக்கு வந்துடுவான். கெட்டுப்போனா கொண்டு வருவாங்க, நான் சத்தமில்லாம மாத்திக் குடுத்துடறேன். வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு வராதே.

ஒண்ணு மறந்துட்டே. நீ முதல் தடவை ஒரு பலகையைக் கழட்டினப்போ கடையில இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. ஃபோன் எடுக்கற பொண்ணு ஸ்க்ரூ கழட்டுதுன்னு. அவங்களை வெளியே போகச் சொன்னது யாரு? அன்னிக்கு சாயங்காலமே மஞ்சப் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு வாங்கி உன் மேசைமேல வெச்சது யாரு? அந்தப் பலகையை நீ எரிச்சே. அதுக்காக நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா?

நான் உன்னை நம்பினேன். நீ என்னை நம்ப மாட்டேங்கறே.

அண்ணன்

*

ஏப்ரல் 4

அண்ணா,

அந்த ஸ்க்ரூடிரைவர் இப்போதும் என் மேசைமேல்தான் இருக்கிறது. மஞ்சள் பிடி தேய்ந்து என் கட்டை விரலுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. உங்கள் கணினிகள் மூன்றையும் அதைக் கொண்டே திறந்தேன். நான் எரித்த பலகைக்காக நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பது முழு உண்மை. ஆனால் அந்தப் பலகையை எரித்ததை நான் மறைக்கவும் இல்லை. உங்கள் முன்னால் நின்று, "எரித்துவிட்டேன்" என்றேன். அந்தச் சொல்லை உங்கள் வாயிலிருந்து கேட்கத்தான் ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அளவையாளர் அம்மையார் தன் கணினியை எடுத்துப்போக வந்தார். சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். நீங்கள் அதைத்தான் விரும்பியிருப்பீர்கள். உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ஏற்றப்பட்ட வேகம், பொருந்தாத பலகை, பற்பசை, என் கையொப்பத்துக்கு மேலிருந்த எழுத்து என் அண்ணனுடையது என்பது வரை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நாலு மாசமா என் கண்ணையே திட்டிட்டு இருந்தேங்க. கண்ணாடியை ரெண்டு தடவை மாத்திட்டேன்" என்றார். "அளக்கற கருவியைச் சந்தேகப்பட்டேன். கூட வர்றவரைச் சந்தேகப்பட்டேன், பாவம், அந்த மனுஷன் இப்ப எங்கிட்ட வேலைக்கே வர்றதில்லை. மெஷினை மட்டும் சந்தேகப்படலை. உள்ள உங்க கையெழுத்து இருந்துச்சே."

பழைய அட்டையை உரித்துவிட்டேன் என்றும், சரியான விவரங்களோடு புதிய அட்டை எழுதி வைத்திருக்கிறேன் என்றும் சொல்லி எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. முகத்தில் கடுமையில்லை, குரலும் உயரவில்லை.

"வேணாங்க. கார்டு இல்லாமலே குடுத்துடுங்க."

ஒன்பது ஆண்டுகளில் என் அட்டையை வேண்டாமென்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். கணினியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். நீட்டிய அட்டை என் கையிலேயே இருந்தது. எனக்கு நிலம் கிடையாது, பட்டம் கிடையாது, வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லை. அந்தக் கையகல அட்டையில் எழுதியிருப்பது உண்மை என்று மக்கள் நம்புவதுதான் என் சொத்து. அதைப் பற்பசைபோலப் பிதுக்கி எங்கெல்லாம் பூசியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. பெட்டியோடு யார் வாசலில் நின்றாலும், அதற்குள் நான் எப்படி நாறுகிறேனோ என்று அஞ்சுகிறேன்.

ஏப்ரல் பதினைந்து வரை காத்திருப்பேன். அதற்குள் பட்டியல் வந்தால், வாங்கியவர்களுக்குத் தனித்தனியாக எழுதிச் சரிசெய்துவிடுகிறேன், வெளியே ஒருவருக்கும் தெரியாது. வராவிட்டால் உங்கள் ஊர் நாளிதழில் அறிவிப்பு வெளியிடுவேன்.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் என்னைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அறியாமல் செய்திருக்கலாம். பலகைக்கும் பிராசஸருக்கும் உள்ள பொருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பது உங்களுக்கு உண்மையாகவே தெரியாமல் இருந்திருக்கலாம். அறியாமை எனக்கு அருவருப்பூட்டுவதில்லை. நானும் அங்கிருந்தே வந்தவள்.

தங்கை

*

ஏப்ரல் 12

அன்புத் தங்கச்சிக்கு,

இதோட பார்சல்ல மிச்ச கார்டுகளை அனுப்பியிருக்கேன். இருபத்திரண்டு. 239லேருந்து 260 வரைக்கும். எண்ணிப் பாத்துக்கோ. ஆக, முப்பத்தெட்டு கார்டு ஒட்டியிருக்கேன். போதுமா? உண்மையைச் சொல்லிட்டேன். ஒண்ணு ரெண்டுன்னு முதல்ல சொன்னது தப்புத்தான்.

லிஸ்ட் மட்டும் கேக்காதே. எதிர்க்கடைக்காரன் காதுக்குப் போச்சுன்னா மறுநாளே என் கடையில பூட்டுத் தொங்கும். பேப்பர்ல போட்டேன்னா அதுவே கதி. உன் அண்ணி ரெண்டு நாளா எங்கூடப் பேசறதில்லை. உன் மேல கோபமா, என் மேல கோபமான்னு கேட்டேன். சாப்பாட்டுத் தட்டை டொக்குன்னு வெச்சுட்டு உள்ளே போயிட்டா.

ஆனா ஒரு விஷயத்துல நீ என்னைத் தப்பா எடை போட்டுட்டே. எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கியே, அது மனசுக்குக் கஷ்டமா போச்சு. இத்தனை வருஷம் உன் பக்கத்துல உக்காந்து ஒண்ணுமே கத்துக்கலையா நான்? என் பொண்ணுக்கு ஒரு மெஷின் பண்ணிக் குடுத்தேன். கட்டடம் வரையறதுக்குப் படிக்கிறாளே, அதுக்கு. வந்து பாரு. அச்சு அசல் உன் மெஷின். கம்பெனி பட்டியலை எடுத்து வரி வரியாப் பாத்து, அதுல இருக்கற பிராசஸரைத்தான் போட்டேன். பலகையை எழுப்பற பயாஸ் புரோகிராம் பழசா இருந்தா அது ஓடாதுன்னு போட்டிருந்துது, முதல்ல பயாஸை மாத்திட்டு அப்புறம்தான் மாட்டினேன். நல்ல கூலர், நிஜப் பசை, அரிசி அளவுதான் வைக்கணும்னு நீ சொல்லுவியே, அதே மாதிரி. வேகத்தை ஒரு புள்ளிகூட ஏத்தலை. அவ கேட்டா, "அப்பா, கொஞ்சம் ஏத்தி வைங்களேன்"னு. கூடவே கூடாதுன்னுட்டேன். உன் கார்டுதான் ஒட்டியிருக்கேன், 219. அதுல எழுதியிருக்கற ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

உன் மேலயும் உன் படிப்பு மேலயும் மரியாதை இல்லேன்னா, பெத்த பொண்ணுக்கு அப்படிப் பண்ணியிருப்பேனா? சொல்லு.

அதனால கொஞ்சம் பொறுத்துக்கோ. பேப்பருக்குப் போகாதே. நான் உன் அண்ணன்.

*

ஏப்ரல் 26

கணினிக் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

அட்டைகள் இருபத்திரண்டும் கிடைத்தன. எண்ணிச் சரிபார்த்தேன். ஒவ்வொன்றையும் நான்காகக் கிழித்தேன். கிழிக்கும்போது என் பெயர் எந்த இடத்தில் பிளக்கிறது என்று பார்த்துக்கொண்டே கிழித்தேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி உறையிலிட்டு வைத்திருந்தேன். இப்போது அது என்னிடமே இருக்கும். ஒரு வாரம் கடையை அடைத்துவிட்டு இங்கே வாருங்கள், பட்டியலை எப்படிப் படிப்பது என்று அருகில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன், கெட்டுப்போன கணினிகளை இருவருமாகச் சேர்ந்து சரிசெய்வோம், அறிவிப்பு வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தேன். தெரியாமல் செய்தவருக்கு எழுதிய கடிதம் அது. அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பட்டியலைப் படிக்கத் தெரிந்திருக்கிறது. பயாஸை முதலில் மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அரிசி அளவு தெரிந்திருக்கிறது. ஏற்றினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கிறது. அதனாலேயே மகள் கெஞ்சியும் ஏற்றவில்லை. பெற்ற மகள் வரையும் கட்டடம் கோணக்கூடாது. அடுத்தவர் சுவர் இடிந்தால் இடியட்டும். அவள் அறையில் நிஜப் பசை. பள்ளி அலுவலகத்தில் பற்பசை. தெரியாமல் விஷம் பரிமாறியவரை என்னால் மன்னிக்க முடிந்திருக்கும். ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டுத் தன் வீட்டுக்கு மட்டும் தனியாக உலை வைத்தவரின் கடிதத்தை, கையில் பிடித்துப் படிக்கவே கூசுகிறது. அதை நீங்கள் மரியாதை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் செய்யப்பட்ட மரியாதைகளிலேயே என்னை வாயிலெடுக்க வைத்தது அது ஒன்றுதான்.

ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி அனுப்ப நினைத்தேன். அனுப்பவில்லை. இனி வரப்போகும் கணினிகளைத் திறக்க அது தேவைப்படும். கொடுத்தவர் உங்களைவிட நல்லவர். அவரை நினைத்துக்கொண்டு பயன்படுத்துவேன்.

பதினெட்டாம் தேதி உங்கள் ஊர் நாளிதழில் வெளியான அறிவிப்பின் நகலைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் பெயரையோ கடையின் பெயரையோ நான் குறிப்பிடவில்லை. என் கையொப்பத்துக்கு மட்டும் நான் பொறுப்பு.

"பொது அறிவிப்பு. எண் 201 முதல் 238 வரையுள்ள அட்டைகள் ஒட்டிய கணினிகளை வைத்திருப்போர் கவனத்துக்கு. அந்த அட்டைகளில் உள்ள கையொப்பம் என்னுடையது. ஆனால் அட்டை ஒட்டப்பட்டபோது அந்தக் கணினிகளை நான் பார்த்ததில்லை. விவரம் எழுதப்படாத அட்டைகளில் கையொப்பமிட்டது என் தவறு. அவற்றுள் பல, தயாரிப்பாளர் பரிந்துரைக்கு மாறாகப் பொருந்தாத மதர்போர்டுகளில், அளவுக்கு மேல் வேகம் ஏற்றப்பட்டு இயங்குகின்றன. அவை தரும் விடைகளை நம்ப வேண்டாம். என் முகவரிக்குக் கொண்டு வந்தாலோ அனுப்பி வைத்தாலோ என் செலவில் சோதித்துச் சரிசெய்து தருவேன். இவற்றுள் எண் 219 மட்டும் முழுமையாக விதிப்படி அமைந்தது. அதன் உரிமையாளர் அச்சப்படத் தேவையில்லை."

கடைசி இரண்டு வரிகளை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெற்ற மகள் விஷயத்தில் நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள், உண்மை என்பதால் எழுதினேன். உங்கள் மகளிடமும் அட்டை இருக்கிறது, எண்ணைப் படிக்கவும் தெரியும். எல்லாவற்றிலும் ஒன்று மட்டும் ஏன் தப்பியது என்று அவள் கேட்கும்போது, என்னிடம் சொன்ன அதே பதிலை அவளிடமும் சொல்லுங்கள்.

நேற்று மாலை வரை பதினொரு கணினிகள் வந்துவிட்டன. ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, பன்னிரண்டாவதைக் கழற்ற உட்காருகிறேன்.

கீழே தன் கையால், தானே படித்துப் பார்த்துக் கையொப்பமிடுபவள்